தீவுப்பக்கத்துக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள்

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு, ஊருக்குப் போனால் மூன்று வாரம் எப்படிப் பறந்தது என்றே தெரியாது. நல்லூர்த் திருவிழா, ஒரு கல்யாணம், காணி உறுதி அலுவல், ஒவ்வொரு சொந்தக்காரர் வீட்டிலும் சாப்பாடு. வெக்கையும் நுளம்பும்தான் யாழ்ப்பாணம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். எனக்கு அது பெரிய கவலை. டிக்கெட் போடும்போதே யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவுப்பக்கத்துக்கு இரண்டு நாளை எடுத்து வையுங்கள். அதில் ஒரு இரவு நெடுந்தீவில் இருக்கட்டும்.

எந்த நாள் போவது என்பதைக் காற்றுத்தான் சொல்லும். பள்ளி விடுமுறைக்கு ஆடி, ஆவணியில் வருகிறவர்களுக்குச் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பலமாக வீசும். படகு நன்றாக ஆடும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. மாசி, பங்குனி கிடைத்தால் விடாதீர்கள், கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். எப்போது போனாலும் காலைப் படகே நல்லது.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர். பஸ் உண்டு. வயதானவர்கள் கூட வந்தால் வான் பிடியுங்கள். அங்கிருந்து நயினாதீவுக்கு கால் மணி, இருபது நிமிடம். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம் அளவில். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலையும் நெடுந்தீவையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் இரண்டையும் அரைகுறையாகத்தான் பார்ப்பீர்கள்.

நெடுந்தீவில் இறங்கும் மாவிலித்துறையில் குமுதினி என்ற பயணிகள் படகில் கொல்லப்பட்டவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. 1985 மே 15 அன்று நடந்தது அது. பிள்ளைகளை அங்கே கொஞ்ச நேரம் நிறுத்தி, என்ன நடந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் ஓட்டோ பிடித்து உள்ளே போகலாம். வேலிகளுக்குப் பதில் பவளக்கல் மதில்கள். சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கியவை. போன முறை என் மகள் ஒரு கல்லில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, “அப்பா, இதுக்குள்ள பூ இருக்கு” என்றாள். குனிந்து பார்த்தேன். ஒரு காலத்தில் கடலுக்கடியில் உயிரோடு இருந்த பவளத்தின் வரிகள், சின்னச் சின்ன நட்சத்திரமாக. ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடும், ஆள் நுழையக்கூடிய பொந்துள்ள பெருக்குமரமும் அவளுக்கு அதற்குப் பிறகுதான்.

வெளியில் மேயும் குதிரைகள், அந்நியர் ஆட்சியில் கொண்டுவந்து விடப்பட்டவற்றின் வழிவந்தவை. கிட்டப் போகவேண்டாம், பிஸ்கற் கொடுக்கவும் வேண்டாம். கோடையில் அவற்றுக்கே தண்ணீர் தட்டுப்பாடு. உங்களுக்கான குடிதண்ணீரைக் கொண்டுபோய், வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். காசும் கையில் இருக்கட்டும். தங்க இடம் குறைவு, முன்பே போனில் பேசி வையுங்கள். படகில் தீவுச்சனத்தை முதலில் ஏறவிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவும் அவர்களுக்கு அந்தப் படகுதான்.

தை, மாசியில் போகிறவர்கள் இன்னொரு விடியற்காலையை, தரைவழியே போகும் சுண்டிக்குளத்துக்குக் கொடுங்கள். வாய்த்தால் களப்பில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். ஏ9 வீதியால் போனால் முகமாலைப் பக்கம் சிவப்புக் கண்ணிவெடிப் பலகைகள் தெரியலாம். அங்கே படம் எடுக்கவோ ஒதுங்கவோ வீதியை விட்டு இறங்காதீர்கள், சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.