திருவழிபாட்டு நாள்காட்டியைக் கொண்டு வீட்டுச் சமையல் செலவைத் திட்டமிடும் முறை

கத்தோலிக்கக் குடும்பத்தில் மாதந்தோறும் சமையலுக்கு ஒரே தொகையை ஒதுக்கும் முறை ஒத்துவராது. தவக்காலத்தில் மிஞ்சும் பணம் இருந்த இடம் தெரியாமல் கரைந்துபோக, பாஸ்கா என்னும் ஈஸ்டருக்கும் பங்குக் கோயில் திருவிழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் கைமாற்று வாங்க வேண்டியிருக்கும். நோன்பு நாள்களின் மிச்சமே விருந்து நாள்களின் கைமுதல் என்று கொண்டு ஆண்டு முழுவதையும் ஒரே கணக்காகப் போடுவதுதான் தூத்துக்குடியில் எங்கள் வீட்டு வழக்கம். 2027ஆம் ஆண்டின் தேதிகளை வைத்து அதை விளக்குகிறேன்.

படி 1: முதலில் பாஸ்காவைக் குறியுங்கள்

பங்குக் கோயிலில் விற்கும் திருவழிபாட்டு நாள்காட்டியும் ஒரு நாற்பது பக்க நோட்டும் போதும். கைப்பேசிச் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் உங்கள் பங்கின் கொடியேற்றமோ அசனமோ (பொது விருந்து) இருக்காது. 2027இல் பாஸ்கா மார்ச் 28 அன்று வருகிறது. அதிலிருந்து 46 நாள் பின்னோக்கி எண்ணினால் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன், அதாவது பிப்ரவரி 10. இடையிலுள்ள 6 ஞாயிறுகளைக் கழித்தால் தவக்காலத்தின் 40 நாள்கள் கிடைக்கும். அதன் பிறகே ஆகஸ்ட் 15, டிசம்பர் 25 போன்ற மாறாத தேதிகளை எழுதுங்கள்.

படி 2: யாருக்கு என்ன கட்டாயம் என்று பிரியுங்கள்

சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாள்கள். 18 வயது நிறைந்தவர்கள் முதல் 59 வயது நிறையும் வரை உள்ளவர்களுக்கு அது கடமை. தவக்கால வெள்ளிகளில் இறைச்சி தவிர்ப்பது 14 வயது நிறைந்த அனைவருக்கும் பொருந்தும். ஒருசந்தி என்றால் ஒருவேளை முழு உணவும், இரண்டும் சேர்ந்தாலும் ஒரு முழுச் சாப்பாட்டை எட்டாத இரு சிற்றுணவுகளும் கொள்ளலாம் என்பது பொருள். பிள்ளைகளுக்கும் தாத்தா பாட்டிக்கும் தனித்தனியாகச் சமைக்கத் தொடங்கினால் நோன்பு நாளே செலவு நாளாகிவிடும். ஆகவே அன்று ஒரே பானைதான்: நால்வருக்கு 200 கிராம் அரிசி, 150 கிராம் வறுத்த பச்சைப்பயறு, அரை மூடித் தேங்காய், தொட்டுக்கொள்ள ஒரு துவையல். நோன்பிருப்பவர் ஒரு கிண்ணத்துடன் நிறுத்திக்கொள்ள, மற்றவர்கள் வயிறார உண்ணலாம். பெரிய வெள்ளியன்று பங்கிலேயே கஞ்சி ஊற்றினால் அந்த வேளைக்கு அடுப்பே பற்றவைக்க வேண்டாம்.

படி 3: வெள்ளிக்கிழமை மீனைக் கட்டுக்குள் வையுங்கள்

கணக்கு உதைக்கும் இடம் இதுதான். திருச்சபை விலக்கச் சொல்வது இறைச்சியை மட்டுமே. மீனுக்கும் முட்டைக்கும் தடையில்லை. அதனால் கோழிக்கறியை நிறுத்திய வீட்டில் சீலா மீன் வறுவல் நுழைந்துவிடுகிறது. ஒரு கிலோ சீலா வாங்கும் பணத்துக்குப் பல கிலோ கறிக்கோழி வாங்கலாம் என்னும்போது, சிக்கனமும் போயிற்று, தவமும் போயிற்று. 2027இன் தவக்காலத்தில் பெரிய வெள்ளியையும் சேர்த்து 7 வெள்ளிகள் உள்ளன. இரண்டுக்குச் சாளை (மத்தி), இரண்டுக்கு முட்டைக் குழம்பு, மீதிக்குப் பயறும் முருங்கைக்கீரையும் என்று முன்கூட்டியே எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எழுதாமல் விட்டால் சந்தையில் மனம் சீலாவின் பக்கமே சாயும்.

சாளை வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கள். செக்கச்செவேலென்று இருக்க வேண்டும், கண் குழிந்திருக்கக் கூடாது, வயிறு உடைந்த மீனை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. வெள்ளியன்று எல்லோரும் சந்தைக்கு வருவதால், வியாழன் மாலையே வாங்கிக் கழுவி, உப்பும் மஞ்சளும் புரட்டிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுவது நல்லது. புளிக்குழம்பாக வைத்தால் மறுநாளுக்கும் வரும்.

மீன்பிடித் தடைக்காலத்தையும் நாள்காட்டியில் குறிக்க மறவாதீர்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகு மீன் மட்டுமே வருவதால் விலை ஏறிவிடும். 2025இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 18 அன்று, தடைக்காலத்துக்குள்ளேயே வந்தது. 2027இல் அது மார்ச் 26 என்பதால் சிக்கலில்லை. பாஸ்கா தாமதமாக வரும் ஆண்டுகளில் கால் கிலோ நெத்திலிக் கருவாட்டை மார்ச்சிலேயே வாங்கிக் காற்றுப்புகாத டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீரில் ஊறவைத்து மண் போகக் கழுவி, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தால் மீன் இல்லாத குறையே தெரியாது.

படி 4: மிச்சத்தை அன்றன்றே உறையில் போடுங்கள்

தவக்காலம் முழுவதும் கறி எடுக்காத வீடுகளில் 6 ஞாயிற்றுக்கிழமைகளின் கறிச்செலவு மிஞ்சும். மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது மளிகைக் கணக்கில் கலந்துவிடும். பூசை முடிந்து வீடு திரும்பியதும் அந்தத் தொகையை ஓர் உறையில் போட்டு, மேலே தேதியை எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டில் பாதி, ஏழைகளுக்கான தவக்கால உண்டியலுக்குப் போகும். மற்ற பாதிதான் விருந்துகளின் முதல். முழுவதையும் நமக்கே வைத்துக்கொள்வது வெறும் சிக்கனம், தவம் ஆகாது என்பது என் கருத்து.

படி 5: விருந்துகளில் தேர்ந்தெடுங்கள்

எங்கள் தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா ஜூலை 26 அன்று கொடியேறி ஆகஸ்ட் 5 அன்று நிறைவுறுகிறது; பத்து நாளில் மாதாவின் விண்ணேற்பு, செப்டம்பர் 8 அன்று மாதா பிறந்தநாள். ஜூன் மாதப் பள்ளிச் செலவின் சூடு ஆறுவதற்குள் மூன்று பிரியாணி தாங்காது. விருந்தினர் வரும் ஒரு நாளுக்கு மட்டும் ஆட்டுக்கறி எடுங்கள். மற்ற இரண்டுக்கும் பாயசமும் வடையும் போதும்.

கிறிஸ்துமஸுக்குத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறிலிருந்து, அதாவது நவம்பர் 28 முதல், வாரம் ஒரு பொருளாக வாங்குங்கள்: முதல் வாரம் பச்சைப்பயறும் எள்ளும், அடுத்து கருப்பட்டி, அடுத்து எண்ணெய். முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே சுட்டு வைக்கலாம். பேக்கரி கேக்கைவிட நாள்பட நிற்கும்.

பிற்சேர்க்கை: மார்ச் 19 வெள்ளிக்கிழமை சூசையப்பர் பெருவிழா வருகிறதே, கறி சமைக்கலாமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பெருவிழா வெள்ளியன்று வந்தால் இறைச்சி விலக்கு அன்று கட்டாயமில்லை என்பது திருச்சபைச் சட்டம். எனவே சமைக்கலாம், ஆனால் அன்றைய உறையில் பணம் விழாது. லெந்து என்னும் தவக்கால நாள்களில் மீனும் முட்டையும்கூடத் தொடாத சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தினர் மூன்றாம் படியை விட்டுவிட்டு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மொச்சை ஆகியவற்றை மாறி மாறி எழுதிக்கொள்ளலாம். முந்தின இரவே ஊறப்போட நினைவூட்டும் குறிப்பையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.