பழனி மலைக்கு நடந்தே ஏறுபவர்களுக்கு

ஆயக்குடியில் வீடு என்பதால், சொந்தபந்தம் யார் பழனிக்கு வந்தாலும் மலைக்குக் கூட்டிப்போவது என் வேலை. வந்ததும் "விஞ்ச்சா (கம்பி இழுத்துத் தண்டவாளத்தில் ஏறும் வண்டி), ரோப்காரா?" என்றுதான் கேட்பார்கள். நடக்கத் தெம்பிருந்தால் இரண்டும் வேண்டாம் என்பேன். கூட்ட நாளில் அந்த வரிசையில் நிற்கிற நேரத்துக்குள் நடந்தே மேலே போய்விடலாம்.

வந்தவுடன் படியேறாதீர்கள். அடிவாரத்தில் இருக்கும் திருஆவினன்குடி முருகன் கோயிலில் முதலில் கும்பிடுங்கள். மூன்றாம் படைவீடு என்று பாடப்பட்டது அதுதான். அவசரத்தில் பாதிப்பேர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அப்புறம் கிரிவலம், சுமார் இரண்டரை கிலோமீட்டர். சித்திரை கடைசி ஏழு நாளும் வைகாசி முதல் ஏழு நாளும் உள்ளூர்ப் பெண்கள் கடம்பப்பூ வைத்துக்கொண்டு சுற்றுவதைப் பார்க்கலாம்.

2023 அக்டோபரிலிருந்து மேலே செல்போனுக்கு அனுமதி இல்லை. கீழேயே கொடுத்துவிட்டு டோக்கனைப் பத்திரமாக வையுங்கள். கூட வருகிறவர்களிடம் எங்கே சந்திப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், மேலே போய்த் தேடவே முடியாது. மொட்டை போடுவதாக இருந்தால் அதையும் கீழேயே முடித்துக்கொள்ளலாம். 2021 முதல் அதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஏற 693 படிகள். பக்கத்திலேயே யானைப்பாதை, சரிவாக வளைந்து போகும். முழங்கால் வலி உள்ளவர்களை யானைப்பாதையில் ஏறச் சொல்வார்கள்; என் கணக்கு வேறு. ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான், நின்று நின்று போகலாம். முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம். அதனால் படியில் ஏறி யானைப்பாதையில் இறங்குங்கள். வழியில் இடும்பன் சந்நிதியில் நிற்காமல் போகக்கூடாது. சிவகிரி, சக்திகிரி இரண்டையும் காவடியாய்த் தூக்கிவந்தவன், மலையில் அவனுக்குத்தான் முதல் கும்பிடு.

நேரம்தான் முக்கியம். பதினோரு மணிக்கு மேல் கல் சுடும், செருப்பும் இல்லை. காலையில் போனால் முருகனுக்குச் சன்னியாசிக் கோலம், அதன்பின் வேடன் கோலம். எனக்குப் பிடித்தது சாயரட்சை, அதாவது சாயங்காலப் பூஜை. நாலு மணி வாக்கில் ஏறத் தொடங்கினால் ராஜ அலங்காரம் கிடைக்கும். முருகன் மேற்கு பார்த்து நிற்கிறான், கேரளத்தைப் பார்த்து நிற்பதாக மலையாளிகள் சொந்தம் கொண்டாடுவார்கள். தரிசனம் முடிந்ததும் ஓடிவந்துவிடாமல் பிராகாரத்தில் போகர் சித்தர் சந்நிதிக்குப் போங்கள். நவபாஷாணச் சிலையைச் செய்தவர் அவரே என்பது நம்பிக்கை. தெற்கே கொடைக்கானல் மலை முழுசாகத் தெரியும்.

வயசானவர்களோடு தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் வராதீர்கள்.

பஞ்சாமிர்தத்தைத் தேவஸ்தானக் கடையிலேயே வாங்குங்கள். மலைவாழை, நாட்டுச்சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய், இவ்வளவுதான் அதில். தண்ணீர் ஒரு சொட்டு சேராது. டப்பாவைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிக்கொண்டு இறங்குங்கள், யானைப்பாதையில் குரங்குகள் உண்டு.