வீட்டுக்குள் அடைபட்ட பிள்ளையைக் கட்டிலை விட்டு எழுப்புவது எப்படி?

கோலாலம்பூர், செந்தூலில் பதினோராவது மாடியில் எங்கள் வீடு. 2020 மார்ச் 18-ஆம் தேதி கோவிட் தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது மகன் மூன்றாம் படிவம், இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு. மாலையில் பந்து விளையாடிவிட்டுக் கால் முழுக்க மண்ணோடு வருகிறவன், கட்டிலே கதி என்று ஆகிவிட்டான். ஜூன் மாதம் பள்ளிக் காலணியை எடுத்துப் போட்டால் குதிகால் உள்ளே போகவில்லை. பிள்ளை வளர்ந்தது கூடத் தெரியாமல் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"போய் உடற்பயிற்சி செய்" என்று சொல்லாதீர்கள். மூன்று வாரம் சொன்னேன், அறைக் கதவைச் சாத்திக்கொண்டதுதான் மிச்சம். நீங்கள் முதலில் தொடங்குங்கள், அப்புறம் "கூட வாயேன்யா" என்று கூப்பிடுங்கள்.

5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் அசைய வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதில் வாரம் 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வேலை தர வேண்டும். ஒரே மூச்சில் வேண்டாம், பிரித்துக்கொள்ளுங்கள். இயங்கலை (ஆன்லைன்) வகுப்புக்கு நடுவில் 20 தோப்புக்கரணம், மெதுவாக. சுவரில் கை ஊன்றி 10 தண்டால். அது சுலபமானதும் மேசை விளிம்பில், பிறகு தரையில். ஒன்றரை லிட்டர் போத்தலில் தண்ணீர் நிரப்பினால் ஒன்றரைக் கிலோ எடை தயார். அடுக்குமாடியில் குதிக்க வேண்டாம், கீழ்வீட்டில் கைக்குழந்தை இருக்கும். நின்ற இடத்திலேயே முட்டியை இடுப்பு வரை தூக்கி நடக்கலாம்.

வெளியே போக அனுமதி இருந்த நாட்களில் படிக்கட்டுதான் எங்களுக்குத் திடல். காலை ஆறரைக்கு ஆள் நடமாட்டம் இருக்காது. முகக்கவரியோடு ஏறினால் வேகம் கூடாது, மூச்சு முட்டினால் நின்றுவிட வேண்டும். முதல் நாள் நான்கு மாடி போதும். இறங்கும்போது முட்டியில் சுமை விழும், இன்னும் மெதுவாக.

மூன்றாம் நாள் ஏழாவது மாடித் திருப்பத்தில் சுவரில் சாய்ந்தபடி, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "ராத்திரி தூக்கமே வரலம்மா." சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து கேட்டபோதெல்லாம் "ஒன்னுமில்ல" என்றவன். அந்த நேரத்தில் அறிவுரை வேண்டாம். "எத்தனை நாளாய்யா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த படியில் கால் வையுங்கள், மீதி தானாக வரும். அன்றிலிருந்து இரவு பத்தரைக்கு எல்லாருடைய கைப்பேசியும், என்னுடையது உட்பட, கூடத்தில்தான் சார்ஜ் ஏறும்.

மகளுக்கு அப்போது 13 வயது. யாராவது பார்த்தால் நகரவே மாட்டாள். கதவைச் சாத்தி, பாட்டுப் போட்டு ஆடட்டும் என்று விட்டுவிட்டேன். "குண்டாயிட்டே" என்ற சொல் மட்டும் வீட்டில் யார் வாயிலும் வரக் கூடாது. பாட்டியிடமும் சொல்லி வைத்தேன்.

காய்ச்சல் இருக்கும்போது எதுவும் வேண்டாம். தொற்று வந்து குணமான பிள்ளையைச் சிறு நடையில் தொடங்கவிடுங்கள். நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடாமல், பேசாமல் இருந்தால், "நான் இருந்து என்ன" என்று ஒரு தடவை சொன்னாலும், படி ஏறினால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரைப் பாருங்கள். மலேசிய அரசின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசே (Talian Kasih) எண் 15999, 24 மணி நேரமும் அழைக்கலாம். அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள், பிள்ளை கண்ணிலும் படட்டும்.