மூச்சுத்திணறல் என்ற சொல்லை இடமறிந்து எழுதுவது எப்படி?

மூச்சு விடுவதில் உள்ள சிரமத்தைச் சொல்லத் தமிழில் பல சொற்கள் இருப்பதால், எழுதுவதற்கு முன் அந்தச் சிரமம் உள்ளே உணரப்படுகிறதா, வெளியே கேட்கிறதா என்று முதலில் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே உணரப்படுவது மூச்சுத்திணறல். தாங்க முடியாமல் தவிப்பதைக் குறிக்கும் ‘திணறு’ என்ற வினையிலிருந்து பிறந்தது திணறல். பதில் தெரியாமல் திணறுவதும் இதே திணறல்தான். ‘மூச்சு’ வன்தொடர்க் குற்றியலுகரம் (வல்லின மெய்யை அடுத்து வரும் குறுகிய உகரத்தில் முடியும் சொல்) என்பதால் நடுவில் ‘த்’ கட்டாயம் வரும். பெயராக வரும்போது ‘அவருக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டது’ என்று சேர்த்தும், வினையாக வரும்போது ‘அவர் மூச்சுத் திணறினார்’ என்று பிரித்தும் எழுதுவது தெளிவாக இருக்கும்.

வெளியே கேட்பது மூச்சிரைப்பு. கடல் இரைகிறது என்கிறோமே, அந்த ஓசைதான் ‘இரைச்சல்’ என்ற சொல்லிலும் இருக்கிறது. ஆகவே சத்தமில்லாமல் தவிப்பவரைப் பற்றி ‘மூச்சிரைக்கிறது’ என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் தவறான படம் விழும்.

மாடிப்படி ஏறிவந்தவருக்கு ‘மூச்சு வாங்குகிறது’ என்பதே போதும். சற்று நின்றால் தணிந்துவிடும் அதை மூச்சுத்திணறல் என்று எழுதினால் கேட்பவர் நோய் என்று அஞ்சுவார். ‘இளைப்பு’ என்பது மூச்சு வாங்குவதோடு களைப்பையும் சேர்த்துச் சொல்லும் பழகிய சொல். அந்த இளைப்பு ஆறுவதைத்தான் நாம் நாள்தோறும் ‘இளைப்பாறுதல்’ என்கிறோம் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு இந்த மொழியின் மீது அன்பு கூடுகிறது.

மருத்துவ அறிக்கைகளில் வரும் ‘டிஸ்ப்னியா’ கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘டிஸ்’ என்றால் கடினமான, ‘ப்னோயா’ என்றால் மூச்சு. அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம் 1999-இல் வெளியிட்ட விளக்கமும் இதை நோயாளி தாமே உணரும் சுவாச அசௌகரியம் என்றே சொல்வதால், மொழிபெயர்ப்பில் மூச்சுத்திணறல் என்பதே பொருந்தும். இதே வேரில் பிறந்த சொற்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது: ஆப்னியா என்பது மூச்சு நின்றுபோவது, டாக்கிப்னியா என்பது மூச்சின் வேகம் கூடுவது, அதாவது ஓய்வில் இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 20 முறைக்கு மேல் மூச்சு விடுவது, ஆர்த்தாப்னியா என்பது படுத்தால் வந்து, நிமிர்ந்து உட்கார்ந்தால் தணியும் திணறல்.

மருத்துவரிடம் சொல்லும்போது சொல்லோடு சூழலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘மூச்சுத்திணறல்’ என்று மட்டும் சொல்வதைவிட, ‘படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால் தேவலை, மூன்று நாளாக இப்படித்தான்’ என்று சொன்னால் காரணத்தைத் தேட அவருக்கு வழி கிடைக்கும். ஆனால் திடீரென்று கடுமையாகத் திணறினாலோ, நெஞ்சுவலி சேர்ந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, எந்தச் சொல் சரி என்று யோசிக்காமல் உடனே அவசர உதவியை அழைக்க வேண்டும்.