ஹீட்டிங் சிஸ்டத்தின் தண்ணீரை வீட்டிலேயே வடிப்பது எப்படி?

பாய்லரில் சூடான தண்ணீரை ரேடியேட்டர்களில் ஓடவிட்டு வீட்டைச் சூடாக்கும் அமைப்பு இது. ரேடியேட்டரை மாற்றவோ ஒழுகும் வால்வைச் சரிசெய்யவோ சிஸ்டத்தை வடிக்க வேண்டியிருக்கும். பாய்லரின் மூடியை மட்டும் திறக்காதீர்கள்; கேஸ் பகுதி தகுதி பெற்றவருக்கான வேலை.

முதலில் பாய்லரின் மின்சாரத்தை நிறுத்துங்கள். டைமரை அணைத்தால் போதாது. தண்ணீர் நன்றாக ஆறட்டும். அப்புறம் புதுத் தண்ணீர் வரும் வழியை மூடுங்கள்: பிரஷர் மீட்டர் உள்ள சிஸ்டம் என்றால் ஃபில்லிங் லூப் (சிஸ்டத்தில் தண்ணீர் நிரப்பும் இணைப்புக் குழாய்), பரணில் சிறு தொட்டி இருந்தால் அதற்குப் போகும் குழாயின் வால்வு. ரேடியேட்டர் வால்வுகள் எல்லாவற்றையும் முழுதாகத் திறந்துவையுங்கள்.

தண்ணீரை வெளியேற்றும் டிரெய்ன் வால்வு பெரும்பாலும் கீழ்த்தளத்தில், ரேடியேட்டர் ஒன்றின் அருகே இருக்கும். ஹோஸை மாட்டி ஜூபிளி கிளிப்பால் (திருகி இறுக்கும் உலோக வளையம்) இறுக்குங்கள். கயிறு, டேப் எல்லாம் வேண்டாம். வரப்போவது இரும்புத் துரு கலந்த கறுப்புத் தண்ணீர். கார்ப்பெட்டில் பட்டால் கறை லேசில் போகாது. ஹோஸின் மறுமுனை வால்வைவிடத் தாழ்வாக, கழிவுநீர் வடிகாலில் இருக்கட்டும்.

இனி வால்வின் சதுரத் தண்டை ஸ்பேனரால் மெல்லத் திருப்புங்கள். பலரும் தடுமாறும் இடம் இதுதான். தண்டு சுற்றும், தண்ணீர் வராது. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் நாள்பட ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்காக இன்னும் இன்னும் திருப்பாதீர்கள். தண்டு கையோடு வந்துவிட்டால், வாஷர் விடுபடும் நொடியில் தண்ணீர் பீறிடும், திரும்ப மாட்டுவது பெரும்பாடு. இரண்டு மூன்று சுற்றோடு நிறுத்தி, ஹோஸைக் கழற்றி, வாளி வைத்து, வால்வின் வாய்க்குள் மெல்லிய கம்பியை விட்டு வாஷரை மெதுவாகத் தள்ளுங்கள். தண்ணீர் கிளம்பியதும் தண்டை இறுக்கி மூடி, ஹோஸை மாட்டி மறுபடி திறங்கள். தண்டைச் சுற்றிக் கொஞ்சம் கசிவது சகஜம். கீழே ஒரு தட்டு வையுங்கள்.

பிரஷர் 0-க்கு இறங்கியபின் மாடி ரேடியேட்டரில் தொடங்கி, மேல்பகுதியில் இருக்கும் காற்றுத் திருகுகளை ஒவ்வொன்றாகத் திறங்கள். காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் முழுவதும் இறங்கும். திருகு வழியே தண்ணீர் வந்தால் மூடிவிட்டுக் காத்திருங்கள்.

காலியாக இருக்கும்போதே டிரெய்ன் வால்வின் வாஷரை மாற்றிவிடுங்கள். இதை நான் தவிர்ப்பதே இல்லை.

நிரப்பும்போது எல்லாத் திருகுகளையும் வால்வையும் மூடி, துருத்தடுப்பு இன்ஹிபிட்டர் சேர்த்து, மெதுவாக நிரப்புங்கள். இம்முறை காற்றைக் கீழிருந்து மேலாக வெளியேற்றுங்கள். மீட்டர் உள்ள சிஸ்டத்தில், குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் போதும்.

பின்சேர்க்கை: சில ரேடியேட்டர்கள் மட்டும் காலியாகவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். தண்ணீர் போகும் பாதையை மின்சாரத்தால் திறந்து மூடும் மோட்டார் வால்வு மூடியிருக்கலாம். அதன் சிறு நெம்புகோலைக் கையால் தள்ளித் திறந்த நிலையில் நிறுத்துங்கள். குழாய் மாடியிலிருந்து இறங்கிவரும் கீழ்த்தள ரேடியேட்டர்களுக்குத் தனி டிரெய்ன் வால்வு இருக்கும். அவற்றைத் தனித்தனியாக வடியுங்கள்.