ஈறோரப் பல் கூச்சத்துக்கு அடைப்பு வைக்கும்போது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் கிளினிக்குக்கு லோக்கம் (தற்காலிக மாற்று மருத்துவர் வேலை) பார்க்க வரும் இளம் பல் டாக்டர்களைப் பார்த்தால் பழைய என்னையே பார்ப்பதுபோல் இருக்கும். கையுறை போடுங்கள், எக்ஸ்ரே பாருங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. ஈறோரம் தேய்ந்து கூசும் பல்லை அடைக்கும்போது நடக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ரத்தம் கசியும் ஈறோரத்தில் காம்போசிட் (பல்நிறப் பிசின் அடைப்பு)

இதைக் கண்டால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். நானே செய்ததாயிற்றே! செம்பனைத் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். ஐஸ் தண்ணீர் பட்டால் சுள்ளென்று இழுக்கிறதாம். மேல்வரிசையில் இரண்டு முன்கடைவாய்ப் பற்கள் ஈறோரம் அரிவாளால் கொத்தியதுபோல் தேய்ந்திருந்தன. ஈறு வீங்கி, தொட்டாலே ரத்தம். "இன்னொரு நாள் லீவு போட்டா சம்பளம் போயிடும் டாக்டர்" என்றார். மனசு கேட்கவில்லை, அன்றே அடைத்து அனுப்பினேன். மூன்றே மாதத்தில் ஒன்று கழன்று விழுந்தது. மற்றதன் ஈறுப்பக்க ஓரம் பழுப்பேறியிருந்தது. கூச்சம் முன்பைவிட அதிகம். மிச்சப்படுத்திய சம்பளம் இரட்டிப்பாகப் போனது.

ஈறுக்குக் கீழே வேர்ப்பக்கம் எனாமல் என்ற கடினமான மேலுறை கிடையாது. ரத்தம் பட்ட டென்டினில் (பல்லின் உள் அடுக்கில்) பாண்டிங், அதாவது அடைப்பை ஒட்டவைக்கும் பசை, பிடிக்காது. ஓரத்தில் இடைவெளி விழும். அதன் வழியே குளிர் போய் டென்டின் குழாய்களுக்குள் இருக்கும் திரவத்தை அசைக்கும். கூச்சமே அந்த அசைவுதான்.

ஆகவே முதல் நாள் பல்லில் படிந்த காரையைச் சுத்தம் செய்து, 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ் தடவி அனுப்புங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் ஈறு அடங்கும். அப்புறம் ஈறை விலக்க ஈறிடுக்கில் நூல் செருகி அடையுங்கள். முழுக்க உலர்த்த முடியாத இடமா, கிளாஸ் அயனோமர் என்ற அடைப்புப் பொருளை எடுங்கள். பல்லின் கால்சியத்தோடு அதுவே ஒட்டிக்கொள்ளும், லேசான ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும். ரத்தம் மட்டும் அதற்கும் ஆகாது.

டென்டினில் ஆசிட்

பாண்டிங்குக்கு முன் தடவுவது 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட் என்றால் 15 வினாடி, அதற்கு மேல் வேண்டாம். கழுவியபின் எலும்பாகக் காயும்வரை காற்றடிக்கவும் வேண்டாம்.

குளிர் போன பிறகும் வலி நீடித்தால்

அது வெறும் கூச்சமில்லை, பல்லின் நரம்புப் பிரச்சினை.

காரணம் கேட்காமல் அடைப்பது

'அசாம் போய்' என்ற புளிப்பு உலர்பழத்தைச் சப்புகிறாரா, தூக்கத்தில் பல் நறநறக்கிறாரா, கெட்டி பிரஷால் குறுக்கே இழுக்கிறாரா? அந்த அக்காவிடம் நான் எதையும் கேட்கவில்லை. இரண்டாம் முறை வந்தபோது அவரே சொன்னார்: தினமும் அடுப்புக்கரியும் உப்பும் சேர்த்து விரலால் தேய்ப்பாராம், "அழுத்தித் தேய்ச்சாத்தானே டாக்டர் அழுக்குப் போகும்?" இப்போது என் நோயாளி கார்டில் முதல் கேள்வியே எதைக் கொண்டு பல் விளக்குகிறீர்கள் என்பதுதான்.