அப்பாவின் மைக்கை எடுக்கும்போது: எல்லையோர வாலிபால் வர்ணனைக்கு ஒரு வழிகாட்டி

தமிழக-கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்தில் அப்பா பல வருஷம் வாலிபால் வர்ணனை சொல்லியிருக்கிறார், அவருக்குப் பிறகு அதே மைதானத்தில் நீங்கள் மைக் பிடிக்கப் போகிறீர்கள் என்றால், ஒரு மாதம் முன்னாலேயே வேலையைத் தொடங்குங்கள். முதலில் அவர் விட்டுப்போன கேசட்டுகளைப் பாருங்கள். அவர் சொன்ன முறை அதில்தான் இருக்கிறது.

பரணிலிருந்து இறக்கிய கேசட்டை உடனே பிளேயரில் போடாதீர்கள். மழை ஈரம் பட்ட நாடாவில் பூஞ்சை பிடித்திருக்கும். கேசட்டின் சன்னல் வழியாகச் சுருளின் பக்கவாட்டில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அதைத் தனியே எடுத்து வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அப்படியே ஓட்டினால் பூஞ்சை பிளேயரில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். நல்லதாக இருந்தால், மேல் விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் குரல் அழியாது. ஒரு முறை முன்னும் பின்னும் முழுக்கச் சுற்றினால் நாடாவின் இழுப்பு சீராகும்.

குரல் தேய்ந்து கேட்டால் நாடா கெட்டுப்போனதாக முடிவு கட்ட வேண்டாம். கேசட்டின் திறந்த விளிம்பின் நடுவில், நாடாவுக்குப் பின்னால், செம்புத் தகட்டில் ஒட்டிய சின்னக் கம்பளித் துண்டு இருக்கும். பசை காய்ந்து அது விழுந்திருந்தால், பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் நாடா அழுந்தாது. திருகு போட்ட வேறொரு கேசட்டின் கூட்டுக்குள் நாடாவை மாற்றினால் சரியாகும். அதுவும் சரியாக இருந்து குரல் மங்கினால், ஹெட்டுக்குப் பக்கத்தில் உள்ள சிறு திருகை மயிரிழை அளவு திருப்பிக்கொண்டே கேளுங்கள். ‘ஸ’ ஒலி தெளியும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு முன் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஹெட்டைத் துடைத்துவிடுங்கள்.

பிளேயரின் லைன் அவுட் துளையிலிருந்து கணினிக்கு எடுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக ஸ்டீரியோவில் பதித்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். எம்பி3 பகிர்வதற்கு மட்டும் போதும். முதல் நகலில் இரைச்சல் நீக்கும் வேலை எதையும் செய்யக் கூடாது. விசில், கூட்டத்தின் சத்தம், தூரத்துச் செண்டை எல்லாம் அந்த இராத்திரியைச் சேர்ந்தவை. ஒரு தடவை போனால் திரும்பாது.

இனி கேட்கும் வேலை. 1990களின் கடைசி வரை சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும் முறை இருந்தது. ஐந்தாவது செட்டுக்கு மட்டும் அதற்குச் சில வருஷம் முன்பே மாறிவிட்டது. செட் 15 புள்ளிக்கு. அதனால்தான் பழைய ஒலிநாடாவில் ‘சர்வீஸ் மாற்றம்’ என்று திரும்பத் திரும்ப வரும், ஸ்கோர் நகராது. இன்று யார் சர்வீஸ் போட்டாலும், பந்து ஓயும் ஒவ்வொரு தடவையும் ஒரு புள்ளி. நான்கு செட் 25-க்கு, ஐந்தாவது 15-க்கு, எதிலும் இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். அப்பாவின் நிதான வேகத்தை அப்படியே எடுத்தால் நீங்கள் பின்தங்கிவிடுவீர்கள். அவர் ஸ்கோரை எந்த இடத்தில் சொன்னார், தோற்கிற அணியின் நல்ல பந்தை எப்படிப் பாராட்டினார், தமிழிலிருந்து மலையாளத்துக்கு எங்கே மாறினார் என்று நோட்டில் குறியுங்கள். எடுத்துக்கொள்ள வேண்டியது அதுதான். குரலை மட்டும் நகலெடுக்க வேண்டாம். அவரை நேரில் கேட்டவர்கள் மைதானத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

ரொட்டேஷன், அதாவது ஆட்டக்காரர்கள் இடம் மாறும் வரிசை, தவறுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. ஓர் அட்டையில் அணிக்கு ஆறு கட்டம் போட்டு, சோடா மூடிகளில் பனியன் எண் எழுதி வையுங்கள். எதிரணியிடமிருந்து சர்வீஸை வாங்கும் அணியின் மூடிகளை மட்டும் கடிகாரச் சுற்றில் ஓர் இடம் நகர்த்துங்கள். இரண்டாம் இடத்தில் (முன்வரிசை வலது) இருந்தவர் முதலாம் இடத்துக்கு (பின்வரிசை வலது) வந்து சர்வீஸ் போடுவார். தடுத்தாட மட்டும் வரும் லிபெரோவுக்கு வேறு நிற மூடி. அவர் பின்வரிசையில் மட்டுமே வருவார், பிளாக் போடக் கூடாது. இராத்திரிப் பனியில் ஜெல் பேனா எழுத்து கரையும், பென்சில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்ப் பட்டியலை மேனேஜரிடம் வாங்கினாலும், உச்சரிப்பை ஆட்டக்காரரிடமே கேளுங்கள். பிஜு, பினு, கிரீஷ் என்று தமிழில் எழுதினால் முதலெழுத்து வல்லோசையா (pa, ka) மெல்லோசையா (ba, ga) என்று தெரியாது. மெல்ல ஒலிக்கும் எழுத்தின் கீழ் ஒரு கோடு போடுங்கள். சொந்தப் பிள்ளையின் பெயரைத் தப்பாகக் கேட்கும் குடும்பம் உங்கள் வர்ணனை முழுவதையும் மறந்துவிடும்.

பந்து ஆட்டத்தில் இருக்கும்போது பெயரும் செயலும் போதும்: யார் எடுத்தார், யார் தூக்கினார், யார் அடித்தார். விசிலுக்குப் பின் காரணம், அதற்குப் பின் ஸ்கோர். சர்வீஸ் போடும் அணியின் புள்ளியை முதலில் சொல்லுங்கள். பந்து கோட்டருகே விழுந்தால் நடுவரின் கை வரும்வரை வாய் திறக்க வேண்டாம். முந்திச் சொல்லி, முடிவு மாறினால், கூட்டம் நடுவர் மேல் பாயும். அந்தச் சண்டையை மைக்தான் தொடங்கிவைத்திருக்கும்.

மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி, கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். ‘ப’ ஒலி வெடிக்காது. குழாய் ஒலிபெருக்கி உங்களுக்குப் பின்னால் இருந்தால் ஊளையிடும், முன்னால் தள்ளி வையுங்கள். நேரலைக்கு ஆம்ப்ளிஃபையரின் லைன் அவுட்டை நேராக போனின் மைக் துளையில் செருகினால் குரல் கிழியும். இடையில் ஒலியளவைக் குறைக்கும் கேபிள் வேண்டும்.

அப்பாவுக்கு அஞ்சலி சொல்ல இடம் இரண்டாவது, மூன்றாவது செட்டுக்கு நடுவில். செட் இடைவேளை 3 நிமிடம்; இந்த ஒன்றை மட்டும் அமைப்பாளர் கேட்டால் 10 நிமிடம் வரை நீட்டலாம், கமிட்டியிடம் காலையிலேயே சொல்லிவையுங்கள். டைம் அவுட்டில் வேண்டாம், 30 வினாடிதான் இருக்கும், பயிற்சியாளர் பேச வேண்டும். அப்பாவின் பெயர், ஊர், மைக் பிடித்த வருஷங்கள் என்று நாற்பது சொல்லுக்குள் எழுதி, தாளைப் பார்த்தே வாசியுங்கள். பார்க்காமல் சொன்னால் தொண்டை அடைக்கும்போது வாக்கியம் தொலைந்துபோகும். பிறகு அவர் குரல் இருபது வினாடி. ஒரு முழுப் புள்ளி தொடங்கி முடியும் துண்டாகத் தேர்ந்து, போனில் தனிக் கோப்பாக வைத்து, மைக் செட்காரரிடம் சாயங்காலமே ஒலியளவு பார்த்துவிடுங்கள். அது முடிந்ததும் உடனே பேசாதீர்கள். கை தட்டுவார்கள், தட்டட்டும். அடுத்த செட்டில் முதல் சர்வீஸ் யாருடையது என்பதிலிருந்து தொடருங்கள்.

அன்றைய உங்கள் வர்ணனையையும் பதிவு செய்து, தேதி, மைதானம், அணிகள் எழுதி அதே பெட்டியில் சேருங்கள். பெட்டியை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. அதன் காந்தம் கேசட்டில் உள்ளதை அழித்துவிடும்.